பால் குவளையும் பிள்ளைகளின் பருமனும்

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்கே, கிரேற்றர் டண்டினோங் மாநகரசபையின் எல்லைக்குள் அமைந்துள்ள நோபல் பார்க்கிலும் அதன் அயற்பகுதிகளிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. டண்டினோங் தெற்கின் தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் இரவுபகலாக முறை மாற்றி வேலை செய்யும் பெற்றோர், தமது பிள்ளைகளின் படிப்புக்கோ உணவுக்கோ எக்குறையும் வைப்பதில்லை. அத்தகைய வீடொன்றைக் கற்பனை செய்துகொள்வது கடினமன்று. காலை ஆறு மணி. தாய் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். தந்தை வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். நான்கு வயதுப் பேரன் தட்டிலிருக்கும் இடியப்பத்தைத் தொடவில்லை. அம்மம்மா அடுப்பிலிருந்து பாலை இறக்கி, இரண்டு தேக்கரண்டி சீனியும் மூன்று தேக்கரண்டி மைலோவும் கலந்து, "பாலையாவது குடிக்கட்டும் பிள்ளை" என்று நீட்டுகிறார். பிள்ளை குடித்து முடிக்கிறது. வீடு நிம்மதி அடைகிறது.

நண்பகலிலும் இரவு படுக்கைக்குச் செல்லும்போதும் அதே குவளை மீண்டும் வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் மருத்துவர், வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற அளவை எடை தாண்டிவிட்டது என்கிறார். பெற்றோர் திகைக்கின்றனர். "பிள்ளை சாப்பிடுவதே இல்லையே, எப்படிப் பருத்தது?" என்பதே அவர்களின் முதற் கேள்வி. பாலாக இருக்குமோ என்பது இரண்டாவது.

இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் தமிழர் மத்தியில் உலவுகின்றன. பால் என்பது கன்றுக்கு உரியது, அதனை அறவே நிறுத்திவிட வேண்டும் என்பது ஒன்று. பால் முழு உணவு, எவ்வளவு குடித்தாலும் தீங்கில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையானவை. பால் தன்னளவில் குற்றவாளி அன்று. ஆனால் எந்த அளவில், எதனுடன் கலந்து, எதற்குப் பதிலாக, எந்த அச்சத்தினால் அது ஊட்டப்படுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

பாலுக்கும் பிள்ளைகளின் உடற்பருமனுக்கும் இடையிலான தொடர்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. 2005ஆம் ஆண்டில், 9 முதல் 14 வயதுக்குட்பட்ட 12,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிறுவர்களைத் தொடர்ந்து அவதானித்த ஹார்வார்ட் ஆய்வாளர்கள் தமது முடிவுகளை வெளியிட்டனர். நாளொன்றுக்கு மூன்று குவளைக்கு மேல் பால் அருந்தியவர்கள், குறைவாக அருந்தியவர்களை விடக் கூடுதலாக எடை ஏறினர். வியப்புக்குரிய செய்தி யாதெனில், கொழுப்பு நீக்கிய பாலை அருந்தியவர்களிடமும் அத்தொடர்பு காணப்பட்டமையே. பாற்கொழுப்புக்கும் எடையேற்றத்துக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. உட்கொண்ட மொத்தக் கலோரியைக் கணக்கிற் சேர்த்தபோது பாலின் தனிப்பங்கு பெருமளவு மறைந்துபோயிற்று. அதாவது, பிள்ளைகளின் எடையைக் கூட்டியது பாலின் ஏதோவொரு மாயக் குணமன்று. தேவைக்கு மேல் சென்ற சக்தியே காரணம்.

இதற்கு நேரெதிரான வாதமும் ஒரு காலத்தில் பரப்பப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று முறை பாலுணவு உட்கொண்டால் உடல் மெலியும் என்று அமெரிக்கப் பாற்தொழில் அமைப்புகள் விளம்பரம் செய்தன. போதிய சான்று இல்லை என்ற முறைப்பாடு அந்நாட்டின் வர்த்தக ஆணைக்குழுவுக்குச் சென்றதை அடுத்து, 2007ஆம் ஆண்டில் அவ்விளம்பரங்கள் கைவிடப்பட்டன.

2020ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகர ஆய்வாளர்கள், ஏழு நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அவற்றுள் 14 ஆய்வுகளின் ஏறக்குறைய 21,000 பிள்ளைகள் பற்றிய தரவுகளை ஒன்றாகக் கணித்தபோது, முழுக்கொழுப்புப் பால் அருந்தியவர்கள், கொழுப்புக் குறைந்த பால் அருந்தியவர்களை விட அதிக எடையுடன் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 வீதம் குறைவாக இருந்தது. இச்செய்தியைக் கேட்டவுடன் முழுக்கொழுப்புப் பால் மெலியச் செய்யும் என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். மெலிந்த பிள்ளைக்குப் பெற்றோர் முழுக்கொழுப்புப் பாலையும், பருத்த பிள்ளைக்குக் கொழுப்புக் குறைந்த பாலையும் தெரிந்தெடுத்துக் கொடுப்பது இயல்பு. அவ்வாறாயின் எது காரணம், எது விளைவு என்பது இவ்வகை அவதானிப்பு ஆய்வுகளால் உறுதிப்படாது. ஆய்வாளர்களும் இதனை மறைக்கவில்லை.

அவுஸ்திரேலியாவிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 4 முதல் 6 வயதுக்குட்பட்ட 49 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முழுக்கொழுப்புப் பாலுணவையும் மறு பிரிவினருக்குக் கொழுப்புக் குறைந்த பாலுணவையும் மூன்று மாதங்களுக்கு வழங்கினர். 2021இல் வெளியான முடிவின்படி, உடற்கொழுப்பில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். எனினும் எந்த நிற மூடியுள்ள பாற்போத்தலை வாங்குவது என்று கடையில் நின்று கலங்கும் பெற்றோருக்கு அது ஒன்றை உணர்த்துகிறது. மூடியின் நிறத்தை விட, வீட்டில் அந்தப் பாலுக்கு என்ன நேர்கிறது என்பதே முக்கியமானது.

குவளைக்குள் இருக்கும் கணக்கு

250 மில்லிலீற்றர் முழுக்கொழுப்புப் பாலில் ஏறத்தாழ 160 கலோரி உள்ளது. இரண்டு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 32 கலோரி. குவிந்த மூன்று தேக்கரண்டி, அதாவது 20 கிராம் அளவான மைலோ ஏறத்தாழ 80 கலோரி. ஆக, அம்மம்மா அன்போடு நீட்டும் ஒரு குவளையின் பெறுமதி சுமார் 270 கலோரி. மூன்று குவளைகள் 810 கலோரியைத் தொடுகின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது, அதன் ஓட்டம் ஆட்டத்தைப் பொறுத்து, 1,200 முதல் 1,400 கலோரி வரை. ஒரு வாய் சோறு உண்பதற்கு முன்னரே தேவையின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு குவளை வழியாகச் சென்றுவிடுகிறது.

"பிள்ளை சாப்பிடுவதே இல்லை" என்ற முறைப்பாட்டின் மறைபொருள் இங்குதான் உள்ளது. பிள்ளை சாப்பிடாததால் பால் கொடுக்கப்படுகிறது. பால் வயிற்றை நிரப்பிவிடுவதால் பிள்ளை சாப்பிடுவதில்லை. சாப்பிடாததால் மீண்டும் பால். சில பிள்ளைகள் இவ்வட்டத்துக்குள் மெலிந்தே இருக்கின்றனர். வேறு சிலருக்குப் பாலும் குடிப்பித்து, கைப்பேசியில் படம் காட்டிச் சோறும் ஊட்டப்படுகிறது. அவர்களிடம்தான் எடை ஏறுகிறது.

சீனியைத் தனியாக நோக்குவோர்க்கு நிலைமை இன்னும் தெளிவாகும். இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சீனி மொத்தக் கலோரியில் பத்து வீதத்துக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல். 1,300 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 32 கிராம். மூன்று குவளைகளில் நேரடியாகக் கலக்கப்படும் ஆறு தேக்கரண்டி சீனியே 24 கிராம். மைலோவுக்குள் இருக்கும் சீனியையும் கூட்டினால் எல்லை தாண்டப்பட்டுவிடும். பிசுக்கோத்தும் பழச்சாறும் இன்னும் கணக்கில் வரவில்லை. பாலில் இயற்கையாக உள்ள சீனி இக்கணக்கில் சேராது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மைலோ அவுஸ்திரேலியாவிலேயே பிறந்த பானம். சிட்னியில் 1934ஆம் ஆண்டில் அறிமுகமாகி, பின்னர் இலங்கை உட்பட ஆசிய நாடுகளின் வீடுகளுக்குச் சென்றது. அதன் பேணியில் ஒரு காலத்தில் ஐந்துக்கு நாலரை நட்சத்திரங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கொழுப்பு நீக்கிய பாலில் மூன்று தேக்கரண்டி கலந்தால் கிடைக்கும் மதிப்பீடு அது. மாவுக்கு மட்டும் கணித்தால் ஒன்றரை நட்சத்திரமே கிடைக்கும் என்று நுகர்வோர் அமைப்புகளும் சுகாதார அமைப்புகளும் சுட்டிக்காட்டின. 2018இல் நிறுவனம் அந்த நட்சத்திரங்களை அகற்றிக்கொண்டது. இந்தியாவிலும் 2024 ஏப்ரலில், இத்தகைய மால்ற் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவின்கீழ் இணைய வணிகத் தளங்கள் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. பேணியின் மேலுள்ள விளையாட்டு வீரரின் படத்தைப் பார்த்து வாங்குவதை விட, அதன் பின்புறத்தில் உள்ள அட்டவணையைப் படித்து வாங்குவதே அறிவுடைமை. அவுஸ்திரேலியாவில் சக்தி கிலோஜூலில் குறிக்கப்படுகிறது. அதனை ஏறத்தாழ நான்கால் வகுத்தால் கலோரி கிடைக்கும்.

போத்தலை விடாத பிள்ளைகள்

குவளையைப் பற்றிப் பேசும்போது போத்தலை மறக்க முடியாது. இரண்டு, மூன்று வயது கடந்த பின்னரும் பாற்போத்தலுடன் உறங்கும் பிள்ளைகள் தமிழ் வீடுகளிற் குறைவல்லர். இரவு வேலைக்குச் செல்ல வேண்டிய தாய்க்கு, அழாமல் உறங்கும் பிள்ளை பெரும் ஆறுதல் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

அமெரிக்காவில் ஏறத்தாழ 6,750 பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, இரண்டு வயதிலும் போத்தலில் அருந்திக்கொண்டிருந்த பிள்ளைகளுள் 23 வீதமானோர் ஐந்தரை வயதில் உடற்பருமன் நிலையை அடைந்திருந்தனர் என்று கண்டது. போத்தலை விட்டிருந்த பிள்ளைகளிடையே இது 16 வீதம். குவளையில் குடிக்கும் பிள்ளை, போதும் என்று தோன்றியதும் நிறுத்திவிடும். அரைத்தூக்கத்தில் போத்தலைச் சப்பும் பிள்ளைக்குப் போதும் என்ற உணர்வு எழுவதில்லை. பற்கள் சிதைவதும் இதனாலேயே. ஆறு மாதமளவில் குவளையைப் பழக்கி, ஒரு வயதுக்குப் பின் போத்தலை விடச் செய்ய வேண்டும் என்பதே அவுஸ்திரேலிய மருத்துவர்களின் அறிவுரை.

அளவுக்கு மிஞ்சிய பால் இன்னொரு வழியிலும் தீங்கு செய்கிறது. பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலால் வயிறு நிரம்பிய சிறு பிள்ளை இறைச்சி, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றை ஒதுக்கும்போது இரத்தச்சோகை வருகிறது. இதன் காரணமாகவே ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் பசுப்பால் வேண்டாம் என்று மெல்பேர்ண் றோயல் சிறுவர் மருத்துவமனை அறிவுறுத்துகிறது. கொழுத்த கன்னங்களுடன் இருக்கும் பிள்ளையும் இரத்தச்சோகை உள்ள பிள்ளையாக இருக்கலாம் என்பதைப் பல பெற்றோர் நம்ப மறுக்கின்றனர்.

பசியின் நினைவு

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் குவளை ஏன் நிரம்பிக்கொண்டே இருக்கிறது? இதற்கான விடை ஊட்டச்சத்து நூல்களில் இல்லை. அது இவ்வீடுகளின் வரலாற்றில் இருக்கிறது.

1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் வெடித்த பின்னர் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு பேணி பால்மா என்பது தேடி அலைந்து பெற வேண்டிய பொருளாயிற்று. இன்று நோபல் பார்க்கில் பாட்டிகளாக இருக்கும் பலர் அக்காலத்தின் இளந்தாய்மார். சீனியும் பாலும் இன்றி வெறும் தேநீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், அம்பலவன்பொக்கணையில் பால்மா பெறுவதற்காக வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் எறிகணை வீச்சுக்கு இலக்காகினர். இறந்து கிடந்த தாய்மார் சிலரின் கைகளில், குழந்தைக்குப் பால்மா பெறுவதற்கான அட்டைகள் இறுகப் பற்றியபடியே இருந்தன என்று 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போதும் இலங்கை முழுவதும் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். அக்காலத்தில் ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் பழைய நினைவுகளைக் கிளறியது.

இவ்வாறான வரலாற்றைச் சுமந்து வந்த ஒருவரிடம் சென்று, பிள்ளைக்குப் பாலைக் குறையுங்கள் என்று கூறுவது சிறிய காரியமன்று. அவர் கையிலுள்ள குவளையில் இருப்பது பால் மட்டுமன்று. ஒரு காலத்தில் கொடுக்க முடியாமற் போனதும் அதில் இருக்கிறது. எனவே அறிவுரை கூறும் இளம் பெற்றோரும் மருத்துவர்களும் அம்மம்மாவை அறியாதவர் என எள்ளி நகையாடுதல் முறையன்று. ஆனால் பசிக்காலத்தின் மருந்தை நிறைவுக்காலத்திலும் அதே அளவில் கொடுத்தால் அது மருந்தாக இராது என்பதையும் மூத்தோர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வகை மாற்றத்தை அவுஸ்திரேலியாவும் கண்டிருக்கிறது. பிள்ளைகளின் போசாக்கை மேம்படுத்தும் நோக்குடன் 1950ஆம் ஆண்டில் மத்திய அரசு சட்டமியற்றி, 13 வயதுக்குட்பட்ட பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பைந்து ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 190 மில்லிலீற்றர் பாலை இலவசமாக வழங்கியது. வெயிலிற் சூடேறிய அப்பாற்போத்தல்களின் நினைவு அத்தலைமுறையினரிடம் இன்றும் உண்டு. காலம் மாறியது. அப்பால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையா என்ற கேள்வி எழுந்தது. 1973இல் விற்லம் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. இன்று அந்நாட்டின் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதிக எடையுடனோ உடற்பருமனுடனோ இருப்பதாகத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. குறைபோசாக்கை எண்ணிச் சட்டமியற்றிய நாடு மிகைபோசாக்கைப் பற்றிக் கவலைப்படும் நாடாகியிருக்கிறது.

மெலிந்த தோற்றமும் மறைந்த கொழுப்பும்

தமிழ்ப் பெற்றோருக்கு இவ்விடயம் மேலதிகக் கவனத்துக்குரியது. ஒரே உயரமும் ஒரே எடையும் உள்ள ஐரோப்பியரையும் தென்னாசியரையும் ஒப்பிட்டால், தென்னாசியரின் உடலில் கொழுப்பின் பங்கு பொதுவாகக் கூடுதலாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருக்கும். இது பிறப்பிலேயே தொடங்குகிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராமாக இருந்தது. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம். ஆயினும் புனேக் குழந்தைகளின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த அளவுக்குத் தோலின் கீழுள்ள கொழுப்புக் குறைந்திருக்கவில்லை.

ஆசிய மக்களிடையே குறைந்த உடற்பருமன் சுட்டெண்ணிலேயே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் ஆபத்து தொடங்கிவிடுவதால், வளர்ந்தோருக்கு 23 என்ற எண்ணிலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்தது. பொதுவான எல்லை 25 ஆகும். ஆகவே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளையுடன் ஒப்பிட்டு, 'எங்கள் பிள்ளை சிறுத்துப் போயிருக்கிறது' என்று பாலைக் கூட்டுவது ஆபத்தானது. பெற்றோரில் ஒருவருக்கோ பாட்டனுக்கோ நீரிழிவு இருக்கும் குடும்பங்கள் தமிழர் மத்தியில் ஏராளம். அவ்வீடுகளில் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பை 'செழிப்பு' என்று கொண்டாடுவது தகாது.

முற்றாக நிறுத்துவதும் தீர்வன்று

இவற்றைப் படித்துவிட்டு நாளையே பாலை நிறுத்திவிடுவதும் பிழையாகும். 250 மில்லிலீற்றர் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கல்சியம் உள்ளது. 4 முதல் 8 வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராமும், 12 முதல் 18 வயது வரையானோருக்கு 1,300 மில்லிகிராமும் தேவை. பாலை நிறுத்திய இடத்தைப் பழச்சாறும் சோடாவும் பிடித்துக்கொண்டால் பருமனும் குறையாது, எலும்பும் வலுப்பெறாது.

பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் உடல் மெலிய வேண்டும் என்று எண்ணிப் பாலைக் கைவிடுவதும், பின்னர் நண்பர்களுடன் ஸ்பிரிங்வேல் சென்று சீனிப்பாகு கலந்த முத்துத் தேநீர் அருந்துவதும் காணக்கூடியதே. பதின்ம வயது ஆண்பிள்ளைகள் பாடசாலை முடிந்து வாங்கும் 600 மில்லிலீற்றர் சொக்கிலேற் பால் அல்லது குளிர்கோப்பிப் பெட்டி ஒன்று 400 கலோரியைத் தாண்டிவிடும். அது தாகம் தீர்க்கும் பானமன்று, ஏறக்குறைய ஒரு வேளை உணவு. தாகத்துக்கு நீர், உணவுக்குப் பால் என்ற வேறுபாட்டை இளையோர் தாமே உணர்ந்துகொள்வது நல்லது. எலும்பின் உறுதி பெரும்பாலும் இவ்வயதிலேயே சேமிக்கப்படுகிறது என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

பால் ஒவ்வாத பிள்ளைகளுக்கும், கொள்கை காரணமாகப் பால் அருந்தாதோருக்கும் தமிழர் சமையலிலேயே வழிகள் உண்டு. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியனவும் உதவும். கல்சியம் சேர்க்கப்பட்ட சோயாப் பாலும் கடைகளிற் கிடைக்கிறது. ஆயினும் சிறு பிள்ளைகளுக்குப் பாலை முற்றாக மாற்றுவதாயின் மருத்துவரையோ உணவியலாளரையோ கேட்டுச் செய்வதே பாதுகாப்பானது.

எவ்வளவு போதும்?

2013ஆம் ஆண்டின் அவுஸ்திரேலிய உணவு வழிகாட்டல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. 250 மில்லிலீற்றர் பால், அல்லது 200 கிராம் யோகட், அல்லது 40 கிராம் பாற்கட்டி என்பது ஒரு பங்கு. 2 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு ஒன்றரைப் பங்கு. 4 முதல் 8 வயது வரை ஆண்பிள்ளைக்கு இரண்டு, பெண்பிள்ளைக்கு ஒன்றரை. 9 முதல் 11 வயது வரை ஆண்பிள்ளைக்கு இரண்டரை, பெண்பிள்ளைக்கு மூன்று. 12 முதல் 18 வயது வரை இருபாலாருக்கும் மூன்றரை. தயிரும் இக்கணக்கினுள் அடங்கும். ஒரு வயதுக்கு முன் பசுப்பாலைப் பிரதான பானமாகக் கொடுத்தல் கூடாது. இரண்டு வயது வரை முழுக்கொழுப்புப் பாலே உரியது. இரண்டு வயதுக்குப் பின் கொழுப்புக் குறைந்த பாலை அவ்வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. 'வளரும் பிள்ளைகளுக்கான பால்மா' என விலையுயர்த்தி விற்கப்படுபவை ஆரோக்கியமான பிள்ளைகளுக்குத் தேவையற்றவை.

நடைமுறையில் இம்மாற்றத்தை ஒரே நாளிற் செய்ய இயலாது. இரண்டு தேக்கரண்டி சீனியை ஒன்றரையாக்கி, பின்னர் ஒன்றாக்கி, சில வாரங்களில் இல்லாமலாக்கலாம். பிள்ளையின் நாக்கு பழகிக்கொள்ளும். மைலோவை நாள்தோறும் அன்றி, எப்போதாவது கொடுக்கும் இனிப்பாக வைத்துக்கொள்ளலாம். உணவுக்கு முன் பால் கொடுப்பதை விடுத்து, உணவுக்குப் பின்னரோ இடைவேளையிலோ சிறு குவளையிற் கொடுத்தால் பசி திரும்பி வரும். ஒரு வேளை குறைவாக உண்ட பிள்ளை அடுத்த வேளை கூடுதலாக உண்ணும் என்று நம்பிக் காத்திருப்பதே இதில் மிகக் கடினமான பகுதி. பசிக்கட்டும் என்று பொறுத்திருப்பது கொடுமையன்று. அது பிள்ளையின் உடலுக்குக் கொடுக்கும் மரியாதை.

தோற்றத்தை வைத்து எடையை முடிவு செய்வதைத் தவிர்க்க, விக்ரோறியாவில் சிறந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பிறப்பு முதல் மூன்றரை வயது வரை பத்துத் தடவைகள் தாய் சேய் நலத் தாதியிடம் இலவசமாகப் பிள்ளையைக் காட்டலாம். பிள்ளை பிறந்தபோது வழங்கப்படும் பச்சை நிறப் புத்தகத்தில் வளர்ச்சி வரைபடம் உள்ளது. முதலாண்டுக்குப் பின் பல பெற்றோர் அப்புத்தகத்தை அலுமாரியில் வைத்து மறந்துவிடுகின்றனர். பதினெட்டு மாதம், இரண்டு வயது, மூன்றரை வயது ஆகிய சந்திப்புகளே பால் பற்றிய கேள்விகளுக்கு மிகவும் பொருத்தமானவை. மொழி தடையாயின் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கம் அதற்கென்றே இருக்கிறது. அச்சந்திப்புக்கு அம்மம்மாவையும் அழைத்துச் செல்வது பயன் தரும். மருமகனோ மகளோ கூறினால் மனவருத்தமாக மாறக்கூடிய செய்தி, தாதியின் வாயிலிருந்து வரைபடத்துடன் வரும்போது ஏற்றுக்கொள்ளத்தக்கதாகிவிடும்.

வரிசையில் நின்று பால்மா பெற்ற தலைமுறை தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. பிள்ளைகள் பசியின்றி வளர்ந்தார்கள். அடுத்த கடமை வேறானது. பேரப்பிள்ளைகள் நீரிழிவின்றி நாற்பது வயதைக் கடக்க வேண்டும் என்பதே அது. அதற்குப் பாலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று குவளையை இரண்டாக்கி, சீனியை நீக்கி, போத்தலை விடச் செய்து, பிள்ளை 'போதும்' என்று சொல்லும்போது அச்சொல்லை நம்பினால் போதுமானது. நோபல் பார்க்கின் சமையலறைகளில் நாளை காலையே இதனைத் தொடங்கலாம்.